ஞாயிற்றுக்கிழமை மாணவர்கள்

நாற்பதை நெருங்கும் வயதில் மறுபடியும் வகுப்பறை. படிப்பு அலுவலகத்துக்கு, கடன் சொந்தக் கணக்கில்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அந்த வீட்டில் டிவியை அணைத்துவிடுகிறார்கள். பெங்களூர் பன்னர்கட்டா சாலையில் இருக்கலாம், தில்லியை அடுத்த நொய்டாவில் இருக்கலாம், புனேயில் இருக்கலாம். எல்லா ஊரிலும் இப்படி ஒரு அடுக்குமாடி வீடு உண்டு. சாப்பாட்டு மேஜையைத் துடைத்து லேப்டாப் வைத்தாயிற்று. அதன் முன்னால் 38 வயதில் ஒரு புராஜெக்ட் மேனேஜர். கேமராவில் தெரியும் மேல்பாதிக்கு இஸ்திரி போட்ட சட்டை, தெரியாத கீழ்பாதிக்குப் பழைய பைஜாமா. சமையலறையில் குக்கரை இப்போது வைக்கலாமா, பதினொரு மணி இடைவேளைக்குக் காத்திருக்கலாமா என்று மனைவி கதவருகே நின்று சைகையில் கேட்கிறார். இரண்டு ஆண்டுக்கு, அதாவது சுமார் நூறு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு, இதுதான் ஏற்பாடு.

அவர் படிப்பது பணியில் இருப்பவர்களுக்கான எம்.பி.ஏ. விளம்பரங்களில் அதன் பெயர் எக்ஸிக்யூடிவ் எம்.பி.ஏ. கட்டணம் ரூ. 20 லட்சத்தைத் தொடுகிறது. நிறுவனம் தருவதில்லை. வங்கிக் கடன்தான். இன்னொரு விஷயமும் உண்டு: தான் படிப்பதை அவர் தன் மேலதிகாரியிடம் சொல்லவில்லை. சொன்னால் ‘வேறு இடம் பார்க்கிறான்’ என்று நினைப்பார் என்ற பயம். அலுவலகத்தில் உயர்வதற்காகப் படிக்கும் படிப்பை அலுவலகத்துக்குத் தெரியாமல் படிக்கவேண்டியிருக்கிறது. இந்தப் படிப்பு இந்தியாவில் எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான அடையாளம் கிடைக்காது.

முதலில் பெயர். எக்ஸிக்யூடிவ் என்பதைத் தமிழில் ‘செயல் அலுவலர்’ என்று போட்டால் தமிழ் வாசகருக்குக் கோயில் உண்டியல் எண்ணும் நாள் நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் பேரூராட்சி அலுவலகம். ‘நிர்வாகி’ என்றால் கட்சிக்காரர். ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் கெட்டியாக நிற்பதில்லை. ஒரு காலத்தில் கம்பெனியில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்தான் எக்ஸிக்யூடிவ். இன்று தொலைபேசியில் கிரெடிட் கார்டு விற்பவரும் சேல்ஸ் எக்ஸிக்யூடிவ். கல்வி நிறுவனங்களுக்கு இந்தக் குழப்பம் வசதியாகவே இருக்கிறது. மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவரும் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் ஒரே பலகையைப் பார்த்து உள்ளே வரலாம்.

இந்தப் படிப்பின் பிறந்த வீடு அமெரிக்கா. 1943இல், போர்க் காலத்தில், சிகாகோ பல்கலைக்கழகம் வேலையை விடாமலே எம்.பி.ஏ. படிக்கும் முதல் எக்ஸிக்யூடிவ் வகுப்பைத் தொடங்கியது. அடுத்த பத்தே ஆண்டில் இந்தியாவிலும் வேலை பார்ப்பவர்கள் நிர்வாகம் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நிர்வாகப் படிப்பு என்றாலே ஆமதாபாத், ஐ.ஐ.எம். என்று நினைக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஆமதாபாதிலும் கல்கத்தாவிலும் ஐ.ஐ.எம்.கள் வந்தது 1961இல். அதற்கு எட்டு ஆண்டு முன்பே, 1953இல், கல்கத்தாவின் காலேஜ் ஸ்கொயரில் இந்தியச் சமூகநல வணிக நிர்வாகக் கழகம் தொடங்கிவிட்டது. மேற்கு வங்க முதல்வராக இருந்த டாக்டர் பி.சி. ராயின் ஆதரவு அதற்கு இருந்தது. சமூகநலத்தையும் வணிகத்தையும் ஒரே பெயர்ப்பலகையில் எழுதிய காலம் அது.

காலேஜ் ஸ்கொயர் எப்படிப்பட்ட இடம் என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நடுவில் நீச்சல் பழகும் குளம். சுற்றிக் கல்கத்தா பல்கலைக்கழகம், பிரசிடென்சி கல்லூரி, பழைய புத்தகக் கடைகள், காபி ஹவுஸ். டல்ஹௌசி சதுக்கத்து அலுவலகங்களிலிருந்து மாலையில் டிராம் பிடித்து வந்துவிடலாம். மாலை வகுப்புக்கு வேறு எந்த விளம்பரமும் தேவைப்படவில்லை. அலுவலகம் விட்டதும் வீடு போகும் வழியில் படிப்பு. கணக்குப் பிரிவில் பதிவேடு எழுதியவருக்கும் சணல் ஆலையில் பொறியாளராக இருந்தவருக்கும் அடுத்த படி ஏற ஒரு வழி. தில்லிப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகவியல் துறை 1954இல் வந்தது. பம்பாயில் சர்ச்கேட் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் ஜம்னாலால் பஜாஜ் நிறுவனம் 1965இல். சென்னை லயோலாவில் லிபா 1979இல். இவை எல்லாவற்றிலும் மாலை வகுப்புகள் உண்டு அல்லது இருந்தன. பம்பாயில் மார்க்கெட்டிங், நிதி என்று தனித்தனிப் பகுதிநேரப் பட்டங்கள், மூன்று ஆண்டு. வகுப்பு முடிந்து கடைசி விரைவு வண்டியில் நின்றுகொண்டே போரிவலி, விரார் போய்ச் சேர்ந்தவர்களில் எத்தனையோ பேர் பிற்பாடு அதே நகரத்தின் கம்பெனிகளில் பெரிய அறைகளில் உட்கார்ந்தார்கள்.

மாலை வகுப்பின் சிறப்பு அதன் பாடத்திட்டத்தில் இருந்தது என்று சொல்ல முடியாது. பகலெல்லாம் வேலை செய்து களைத்து வந்தவருக்குக் களைத்துப்போன ஆசிரியர் பாடம் நடத்தினால் என்ன நடக்குமோ அதுவும் நடந்தது. ஆனால் கட்டணம் சம்பளத்துக்குள் அடங்கியது. பல்கலைக்கழகப் பட்டம் என்பதால் அதன் மதிப்பு பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. அது ஏணி. கீழே இருந்தவர்தான் அதைத் தேடி வந்தார்.

மேலே இருந்தவர்களுக்கு வேறு ஏற்பாடு. 1956இல் ஹைதராபாதில் இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி நிறுவப்பட்டது. இங்கிலாந்தின் ஹென்லி கல்லூரியைப் பார்த்து அமைத்தது. இடம், நிஜாமின் மகன் பேரார் இளவரசர் வசித்த பெல்லா விஸ்டா மாளிகை. அரசு அதிகாரிகளும் பொதுத்துறை, தனியார் துறை மேலாளர்களும் சேர்ந்து தங்கிப் படித்தார்கள். தேர்வில்லை, பட்டமில்லை. அனுப்பியது நிறுவனம், செலவும் நிறுவனத்துடையது. தன் அதிகாரி கற்றுக்கொண்டு வருவது தனக்கு லாபம் என்று நிறுவனம் நம்பியது. அதிகாரியும் அங்கிருந்து வேறு கம்பெனிக்குப் போய்விட மாட்டார் என்றும் நம்பியது. அன்றைய இந்தியாவில் அப்படிப் போக அதிக இடமும் இல்லை.

ஏணியும் மாளிகையும் ஒன்றாகக் கலந்ததுதான் இன்றைய எக்ஸிக்யூடிவ் எம்.பி.ஏ. மாளிகையின் கட்டணம், ஏணியில் ஏறுபவரின் பாக்கெட்டிலிருந்து.

கலப்பு ஒரே நாளில் நடக்கவில்லை. 1985இல் வந்த இக்னோ திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 1987இல் நிர்வாக டிப்ளமோவோடுதான் பாடம் நடத்தத் தொடங்கியது. நகரத்தில் இல்லாதவருக்கும், மாலை ஆறு மணிக்கு அலுவலகத்தை விட்டு வெளியே வர முடியாதவருக்கும் தபாலில் பாடப் புத்தகம் வந்தது. பிலாய் உருக்காலைக் குடியிருப்பிலும் நெய்வேலியிலும் அந்தப் புத்தகக் கட்டுகளைப் பார்க்க முடிந்தது. அங்கே எம்.பி.ஏ. கட்டணம் இன்றைக்கும் மொத்தத்தில் ஒரு லட்சத்துக்குள்தான். பிறகு தாராளமயம். கணினி நிறுவனங்கள் பெருகின. 1990களின் கடைசியில் பெங்களூர் ஐ.ஐ.எம். சாஃப்ட்வேர் நிறுவன நிர்வாகத்துக்கென்றே ஒரு பகுதிநேரப் படிப்பைத் தொடங்கியது. புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களை வைத்து நிறுவனம் நடத்த ஆள் தேவைப்பட்ட நேரம். 2000களின் தொடக்கத்தில் கோழிக்கோடு ஐ.ஐ.எம். செயற்கைக்கோள் வழியாகப் பல ஊர்களுக்கு வகுப்பை அனுப்பியது. மேட்டு நிலத்து வளாகத்தில் பேராசிரியர் பேசுவதை வேறொரு நகரத்துக் குளிர்பதன அறையில் திரையில் பார்த்தார்கள். கேள்வி கேட்க ஒரு பொத்தான்.

2001இல் ஹைதராபாதில் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் வந்து ஓர் ஆண்டில் முடியும் முழுநேரப் படிப்பை அனுபவசாலிகளுக்குத் தந்தது. ஆமதாபாத் 2006இலும் கல்கத்தா அடுத்த ஆண்டும் அதே வழியில் தங்கள் ஓராண்டுப் படிப்புகளைத் தொடங்கின. இங்கேதான் பெயர்க் குழப்பம் முற்றியது. அமெரிக்காவில் எக்ஸிக்யூடிவ் எம்.பி.ஏ. என்றால் வேலையை விடாமல் படிப்பது. இந்தியாவில் வேலையை விட்டுவிட்டு ஓராண்டு தங்கிப் படிப்பதற்கும் அதே பெயர் வழங்கியது. இரண்டின் கணக்கும் வேறு. விடுபவர் ஓராண்டுச் சம்பளத்தை இழக்கிறார், வளாகத்தில் வேலைவாய்ப்பு முகாம் கிடைக்கிறது. விடாதவர் சம்பளத்தை இழப்பதில்லை, ஆனால் முகாமும் பெரும்பாலும் இல்லை. வேலைக்கு ஏற்கனவே ஒரு முதலாளி இருக்கிறார் என்பது வாதம். விளம்பரத்தில் ‘முன்னாள் மாணவர்களின் சராசரிச் சம்பள உயர்வு’ என்று எண் போடும்போது அது எந்த வகையினரின் எண் என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுபவர்கள் உண்டு.

நல்ல முன்மாதிரியும் அந்த நாட்களில்தான் வந்தது. 2007இல் கல்கத்தா ஐ.ஐ.எம்., கான்பூர் ஐ.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. மூன்றும் சேர்ந்து தொழிற்சாலை மேலாளர்களுக்கான ஓராண்டுப் படிப்பு ஒன்றை நடத்தத் தொடங்கின. ஜப்பானிய அரசின் உதவி நிறுவனமும் இந்தியத் தொழில் கூட்டமைப்பும் துணை. பின்னணியில் இருந்தவர் ஜப்பானியப் பேராசிரியர் ஷோஜி ஷிபா. தரக் கட்டுப்பாட்டுத் துறையில் பெயர் பெற்றவர், 2012இல் பத்மஸ்ரீ. நிதியும் வியூகமும் ஒரு வளாகத்தில், உற்பத்தி முறை இன்னொன்றில், ஜப்பானியத் தொழிற்சாலைகளை நேரில் பார்ப்பதும் பாடத்தின் பகுதி. யாருக்காக, எந்தக் குறையைத் தீர்க்க என்று தெரிந்து கட்டிய படிப்பு. ‘தலைமைப் பண்பு’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்காரவைப்பது அதற்கு நேரெதிர் துருவம். இரண்டாவது வகைதான் பெருகியது. கட்டடம் வேண்டாம், விடுதி வேண்டாம், திரை போதும் என்றான பிறகு, குறிப்பாக 2020 கொரோனா முடக்கத்துக்குப் பிறகு, அதற்குத் தடையே இல்லாமல் போயிற்று. கல்வி நிறுவனத்தின் பெயர் ஒன்று, ஆள் சேர்ப்பதும் தொழில்நுட்பமும் ஒரு வணிக நிறுவனத்தின் கையில் என்ற கூட்டு அமைப்பு வழக்கமாகிவிட்டது. விண்ணப்பம் பாதியில் நின்றால் மறுநாள் காலை போன் வரும். சார், இன்றைக்குச் சேர்ந்தால் சலுகை உண்டு.

கட்டணத்துக்கு வருவோம். ரூ. 20 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம், ஏழு ஆண்டில் அடைப்பது என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் ரூ. 33,200. கடைசியில் கட்டி முடிப்பது கிட்டத்தட்ட ரூ. 27.9 லட்சம். முழுநேர ஓராண்டுப் படிப்புகளில் சில ரூ. 30 லட்சத்தையும் தாண்டுகின்றன. வருமான வரிக்காரர்கள் காட்டும் கருணை குறைவு. பழைய வரித் திட்டத்தில் இருப்பவருக்குக் கல்விக் கடன் வட்டியை எட்டு ஆண்டு வரை கழித்துக்கொள்ள இடமுண்டு. புதிய திட்டத்தில் அதுவும் இல்லை. பழைய திட்டத்திலும் ஒரு வேடிக்கை: மகளின் எல்.கே.ஜி. கட்டணத்தைச் சேமிப்புக் கழிவில் காட்டலாம், அப்பா தனக்காகக் கட்டிய கல்விக் கட்டணத்தைக் காட்ட முடியாது. நாற்பது வயதில் படிக்கப் போகிறவர் யாரும் இருப்பார்கள் என்று அந்தப் பிரிவை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

நிறுவனம் பணம் கொடுத்தால்? கொடுக்கும் நிறுவனங்கள் இன்னும் சில இருக்கின்றன. கூடவே ஒரு ஒப்பந்தப் பத்திரமும் வரும்: படிப்பு முடிந்து இத்தனை ஆண்டு இங்கேயே இருக்க வேண்டும், போனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதெல்லாம் செல்லாது என்று அலுவலக கேன்டீனில் சட்டம் பேசுபவர்கள் எப்போதும் இருப்பார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கில் வேறு மாதிரிச் சொன்னது. மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் ரூ. 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற பணி நிபந்தனை செல்லும் என்பது தீர்ப்பு. அது படிப்புச் செலவு பற்றிய வழக்கு அல்ல, ஆள் எடுப்பது பற்றியது. ஆனாலும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. சேருகிறவர் பெரும்பாலும் கடைசியில்தான் அதைக் கேட்கிறார். கையில் வரப்போகும் தாள் என்ன? பட்டமா, டிப்ளமோவா, சான்றிதழா?

இதில் ஐ.ஐ.எம்.களே நெடுங்காலம் விசித்திரமான நிலையில் இருந்தன. நாட்டின் மிகப் பிரபலமான ‘எம்.பி.ஏ.’ படிப்பு, சட்டப்படி எம்.பி.ஏ. இல்லை. அவை பல்கலைக்கழகங்கள் அல்ல, சங்கங்களாகப் பதிவானவை. ஆகவே டிப்ளமோதான் தர முடிந்தது. 2017ஆம் ஆண்டின் ஐ.ஐ.எம். சட்டம் 2018 ஜனவரி 31இல் அமலுக்கு வந்த பிறகே பட்டம் தரும் அதிகாரம் கிடைத்தது. உடனே அடுத்த சிக்கல். ஓராண்டுப் படிப்புக்கு முதுநிலைப் பட்டம் தரலாமா? பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கில் மூன்றாண்டு இளநிலைக்குப் பிறகு முதுநிலை என்றால் இரண்டாண்டு. 2020இல் மத்திய அரசு இதை எழுப்பியது. சட்டமே அதிகாரம் தந்திருக்கிறது என்பது ஐ.ஐ.எம்.களின் பக்கம். அதே ஆண்டு வந்த புதிய கல்விக் கொள்கை, நான்காண்டு இளநிலை முடித்தவருக்கு ஓராண்டு முதுநிலை போதும் என்றது. பொறியாளர்களுக்கு நாலாண்டுப் படிப்பு என்பதால் அவர்களுக்கு ஆறுதல். மூன்றாண்டு பி.காம். முடித்துப் பதினைந்து ஆண்டு வங்கியில் உழைத்தவருக்கு?

ஆன்லைன் பட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு 2022 செப்டம்பரில் மானியக் குழு தெளிவாகவே பதில் சொன்னது: அனுமதி பெற்ற நிறுவனம் அனுமதி பெற்ற படிப்பை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்தினால் அந்தப் பட்டம் வகுப்பறைப் பட்டத்துக்குச் சமம். அனுமதி என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கல்வி நிறுவனங்கள் தங்கள் பெயரை வாடகைக்கு விட்டு வணிக நிறுவனங்கள் மூலம் பட்டம் விற்கக் கூடாது என்று மானியக் குழுவும் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் 2022 ஜனவரியில் எச்சரிக்க வேண்டி வந்தது. 2024 ஏப்ரலில் வந்த எச்சரிக்கை இன்னும் சுவையானது. ‘பத்து நாள் எம்.பி.ஏ.’ என்று ஒன்று இணையத்தில் உலவுகிறது, ஏமாறாதீர்கள் என்றது மானியக் குழு. பத்து நாளில் எம்.பி.ஏ. என்பதை நம்ப ஆள் இருந்தால்தானே எச்சரிக்கை வரும்.

கல்வி அதிகாரிகளைவிட வரி அதிகாரிகள்தான் இந்த விஷயத்தில் தெளிவாகப் பேசினார்கள். 2019 ஜனவரி 1 தேதியிட்ட ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை ஐ.ஐ.எம்.களின் படிப்புகளை இரண்டாகப் பிரித்தது. பட்டமோ டிப்ளமோவோ தரும் நீண்டகாலப் படிப்பு என்றால் அது கல்வி, வரி இல்லை. பங்கேற்றதற்கான சான்றிதழ் மட்டும் தரும் குறுகியகால மேலாளர் பயிற்சி என்றால் வரி 18 சதவீதம். ரசீதில் ஜி.எஸ்.டி. வரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும், வாங்கியது கல்வியா சேவையா என்பதற்கு ஒரு குறிப்புக் கிடைத்துவிடும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஐ.ஐ.எம். பெயரும் சிறிய எழுத்தில் ‘சான்றிதழ்’ என்பதும் இருக்கும்போது இது உதவும்.

அந்தச் சான்றிதழ்ப் படிப்பு மோசம் என்று இதற்குப் பொருளில்லை. ஆறு மாதம் நிதி நிர்வாகம் படித்து, அடுத்த மாதமே தன் பிரிவின் வரவுசெலவுத் திட்டத்தைப் புரிந்துகொண்டு பேசத் தொடங்கிய பொறியாளருக்கு அது போட்ட பணத்துக்கு மேலேயே தந்துவிட்டது. பட்டம் என்று நினைத்து வாங்கியவருக்குத்தான் கஷ்டம். முதுநிலைப் பட்டம் கட்டாயம் என்ற பதவிக்கு விண்ணப்பிக்கும் நாளில், ஆராய்ச்சிக்குச் சேரும் நாளில், வெளிநாட்டு விசாவுக்குக் கல்வித் தகுதி காட்டும் நாளில் தெரியவரும்.

வகுப்புக்குள் என்ன நடக்கிறது? ஹார்வர்டிலிருந்து ஆமதாபாத் கொண்டுவந்த கேஸ் முறை இந்தியாவில் அறுபது ஆண்டாக இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் உண்மைப் பிரச்சினையை இருபது பக்கத்தில் கொடுத்து, நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பது. இருபத்திரண்டு வயது மாணவர் அதற்குப் புத்தகத்திலிருந்து பதில் சொல்வார். முப்பத்தெட்டு வயதுக்காரருக்கு அந்த நாற்காலி தெரியும். தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை பற்றிய கேஸ் வரும்போது, வகுப்பில் ஒருவர் அப்படிப்பட்ட பேச்சுவார்த்தையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தவராக இருந்தால் பேராசிரியர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்குவார். மருத்துவமனை நிர்வாகி, ராணுவத்திலிருந்து வெளிவந்த மேஜர், மருந்துக் கம்பெனியின் வட்டார மேலாளர், சிமெண்ட் ஆலைக்காரர் எல்லோரும் ஒரே வரிசையில். முழுநேர எம்.பி.ஏ. வகுப்பில் இது கிடைக்காது. அங்கே பெரும்பாலும் எல்லோரும் ஒரே வயது, ஒரே மாதிரிப் பொறியியல் பட்டம்.

ஆனால் அந்த ராணுவ மேஜரும் சிமெண்ட் ஆலைக்காரரும் உண்மையில் பேசிக்கொள்வது வகுப்பில் அல்ல, வகுப்புக்கு வெளியே டீக்கடையில். லூயி கான் கட்டிய ஆமதாபாத் வளாகத்தின் செங்கல் வளைவுகளுக்குக் கீழே, பால்கிருஷ்ண தோஷி பெங்களூரில் கட்டிய கல் தாழ்வாரங்களில். திரையில் எழுபது சிறு கட்டங்களாகத் தெரியும் வகுப்பில் பாதிக் கட்டங்கள் கறுப்பு. கேமராவை அணைத்துவிட்டு ஒருவர் அலுவலக மெயிலுக்குப் பதில் எழுதுகிறார், இன்னொருவர் குழந்தைக்கு இட்லி ஊட்டுகிறார். நல்ல நிறுவனங்களுக்கு இது தெரியும். சில மாதங்களுக்கு ஒருமுறை வளாகத்துக்கு வரவழைத்துச் சில நாள் தங்கவைக்கின்றன. மாணவர்கள் இரண்டாண்டில் நினைவு வைத்திருப்பது பெரும்பாலும் அந்த நாட்களைத்தான். கட்டணத்தில் விமானச் செலவு சேரவில்லை என்பதையும் நினைவு வைத்திருப்பார்கள்.

குழந்தைக்கு இட்லி ஊட்டுவது யார் என்பது தனி விஷயம். முப்பத்தெட்டு வயது ஆண் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உட்கார்ந்தால் வீடு அமைதியாகிறது. அதே வயதுப் பெண் உட்கார்ந்தால் வீடு இரண்டு முறை கதவைத் தட்டுகிறது: சீரகம் எங்கே, பிளம்பர் வந்திருக்கிறார். வேலையை விடாமல் படிக்கலாம் என்ற வாக்குறுதி பெண்களுக்கு உண்மையிலேயே பெரிய வரம். வேறு ஊருக்குப் போய் ஓராண்டு தங்க முடியாதவர்களில் அவர்கள்தான் அதிகம். அந்த வரத்தை அவர்கள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து பயன்படுத்திக்கொள்கிறார்கள். பெண்களுக்குக் கட்டணச் சலுகை தரும் நிறுவனங்கள் உண்டு. நாலரை மணிக்குச் சலுகை யாராலும் தர முடியவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு அலுவலகம் என்ன செய்கிறது? வங்கி ஊழியர்களுக்கு ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. 1928இல் தொடங்கிய வங்கியாளர் கழகம் (இன்று அதன் பெயர் இந்திய வங்கி நிதிக் கழகம்) நடத்தும் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகள். தேறினால் ஊதிய உடன்படிக்கைப்படி கூடுதல் இன்கிரிமெண்ட். கட்டணம் சில ஆயிரம். தேர்வு முடிவு வந்த பிறகு சம்பளச் சீட்டில் எவ்வளவு கூடும் என்பது சேர்வதற்கு முன்பே தெரியும். மேலதிகாரியிடம் மறைக்கவும் தேவையில்லை. சொல்லப்போனால் கிளை மேலாளரே ‘இன்னும் எழுதவில்லையா?’ என்று கேட்பார்.

எக்ஸிக்யூடிவ் எம்.பி.ஏ.வுக்கு அப்படி ஒரு விலைப்பட்டியல் எந்தத் தனியார் நிறுவனத்திலும் சுவரில் ஒட்டியில்லை. படித்ததால் உயர்ந்தாரா, உயரக்கூடியவர்தான் படிக்கவும் செய்தாரா என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். பலருக்கு உயர்வு வருகிறது, அதே நிறுவனத்தில் வருவதில்லை. படிப்பு முடிந்த ஓராண்டில் வேறு இடத்துக்குப் போகிறார்கள். ‘வேறு இடம் பார்க்கிறான்’ என்று மேலதிகாரி சந்தேகப்பட்டது அப்போது சரியாகிவிடுகிறது. நிறுவனங்கள் பணம் தருவதை நிறுத்தியதற்கு இது காரணம். பணம் தராததால் படித்தவருக்கும் இருக்கவேண்டிய கடமை இல்லை. இரண்டு தரப்பும் நியாயம் பேசுகின்றன. தவணை மட்டும் ஒரே தரப்பிலிருந்து போகிறது.

காலேஜ் ஸ்கொயரில் அந்தப் பழைய நிறுவனம் இன்றும் நடக்கிறது, மாலை நேர எம்.பி.ஏ. உட்பட. ஆங்கில நாளிதழ்களின் தரவரிசைப் பட்டியல்களில் அதன் பெயரை மேல் வரிசையில் தேட வேண்டாம். டிராம்கள் கொல்கத்தாவில் அநேகமாக நின்றுவிட்டதால் மாணவர்கள் மெட்ரோவிலும் பஸ்ஸிலும் வருகிறார்கள்.

நொய்டாவிலோ புனேயிலோ அந்த வீட்டில் பகல் ஒன்றரைக்கு வகுப்பு முடிகிறது. குக்கரில் மூன்றாவது விசில். புராஜெக்ட் மேனேஜர் லேப்டாப்பை மூடிச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டுகிறார். கசங்கவில்லை, நாளைக்கு அலுவலகத்துக்கும் அதுவே ஆகும். மகள் வந்து அப்பாவுக்கு ஹோம்வொர்க் கொடுத்தார்களா என்று கேட்கிறாள். கொடுத்திருக்கிறார்கள்: ஒரு நிறுவனம் தன் ஊழியர்களைத் தக்கவைத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும், ஆயிரத்து ஐந்நூறு வார்த்தைகளில், வெள்ளிக்கிழமைக்குள்.